படல் முடிச்சு

பொள்ளாச்சியில் ஓர் எண்ணெய் மில்காரர் அடுத்த வருடக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் கேட்டிருந்தார். "மனுசங்க யாரும் வேண்டாம் அம்மணி, பச்சையா இருந்தாப் போதும்," என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அந்தக் கார்த்திகையில் நான் மனிதர் முகத்தையே பார்க்கப் பிடிக்காத நிலையில் இருந்தேன். அதிலும் எங்கள் ஊர் மனிதர்கள் என்றால் சுத்தமாக ஆகாது.

நான் நந்திதா. கணபதி என்கிற பட்டறைப் பகுதியில் ஒரு மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ என்றதும் கல்யாணம், காதுகுத்து என்று நினைத்துவிட வேண்டாம். நான் படம் எடுப்பது மோட்டார் பம்ப். சுற்றியிருக்கிற பட்டறைகளில் செய்யும் பம்ப், வால்வு எல்லாவற்றையும் துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்து, கம்பெனிப் புத்தகத்துக்குப் படம் எடுத்துக் கொடுப்பேன். புரட்டாசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனைமலைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நான் ஒரே பெண்.

அப்பா பாலுசாமிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நல்லது கெட்டது எல்லாம் புரிகிறது, ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இப்படிப் படுத்துவிட்ட மனிதரைப் பார்க்க எங்கள் பக்கத்தில் ஊரே வரும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் மேசையில் அடுக்கி வைக்க இடம் இருக்காது. எங்கள் மேசை காலியாக இருந்தது. ஏனென்றால் அப்பாவை ஊர் ஆட்டுக்குட்டித் திருடர் என்று முடிவுகட்டியிருந்தது.

முடிவுகட்டியவர் என் பெரியம்மா நாச்சியம்மாள். அப்பாவுடைய அண்ணன் மனைவி. பெரியப்பா இறந்தபின் நிலத்தைப் பங்கு பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரை யார் எந்த நாளில் இறைப்பது என்பதில் தகராறு வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பெரியம்மா வெள்ளாடு வளர்க்கிறார். அவருடைய மகன் கிருபாசங்கர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பெரியம்மா தோட்டத்தில் தனிக்கட்டை. ஒரு காது கேட்காது.

அந்த வருடம் கோடையில் அவருடைய பட்டியிலிருந்து மூன்று குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ரத்தம் இல்லை, காலடி இல்லை, ஒரு பிடி ரோமம்கூட இல்லை. மலையோரத்தில் இருக்கிறோம், சிறுத்தை வந்தால் எங்களுக்குத் தெரியும். இதில் சிறுத்தையின் அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு விஷயம்தான் பெரியம்மாவின் மண்டையைக் குடைந்தது. பட்டியின் வாசலை மறைக்கும் மூங்கில் படலை அவர் பொழுது சாய்ந்ததும் கயிற்றால் கட்டிவிட்டுப் படுப்பார். அந்த முடிச்சு எங்கள் தாத்தா வண்டிமாட்டுக்குப் போட்ட முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து, இடது பக்கமாக இழுக்க வேண்டும். தெரியாதவர்கள் கத்தியை வைத்து அறுத்தால்தான் உண்டு. தாத்தா அதைத் தன் இரண்டு மகன்களுக்கும் பழக்கினார். பெரியப்பா பெரியம்மாவுக்குப் பழக்கினார். குட்டி போன ஒவ்வொரு காலையிலும் அந்த முடிச்சு போட்டபடியே இருந்தது.

ஒருநாள் பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி பெரியம்மா சொன்னார். "கள்ளன் அவுத்துட்டுப் போனானாமா, சரி. மறுக்கா இந்த முடிச்சப் போடத் தெரியோணுமில்லீங்க? இந்த ஊர்ல என்னைய உட்டா அது தெரிஞ்சவரு ஒருத்தருதான் இருக்கறாரு."

பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் போகிறது என்றிருக்கலாம். ஆடியில் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துவிட்டு வந்தார். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்புச் செய்தவன் உடம்பு எரியும், அம்மன் கேட்பாள் என்பது நம்பிக்கை. அதற்கப்புறம் குட்டி ஒன்றும் காணாமல் போகவில்லை. ஊருக்கு அதுவே பெரிய சாட்சியாகிவிட்டது. புரட்டாசியில் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் விழுந்தார். "அம்மன் கேட்டுட்டா," என்றது ஊர்.

டாக்டர் ரத்த அழுத்தம் என்றார். டாக்டர் சொன்னது, ஊர் சொன்னது இரண்டுமே எனக்குப் பாதிதான் சரியாகப் பட்டது. நான் வந்து அலமாரியைத் திறந்தபோது பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. மிளகாய் அரைத்த சேதி காதில் விழுந்த நாளிலிருந்து அப்பா மாத்திரையும் போடவில்லை, சோறும் சரியாகத் தின்னவில்லை என்று பால்காரர் சொன்னார். வெட்கத்தினால் ஒரு மனிதரைப் படுக்கையில் தள்ள முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வாய் இருந்தபோது, "நீங்களா எடுத்தீங்க?" என்று நேரில் வந்து ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்டாலும் பதில் சொல்ல அவரால் முடியாது. இப்படியே அவர் கண்ணை மூடிவிட்டால் அந்தப் பெயரோடுதான் போவார். என் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒன்றுதான்.

காலண்டர் படத்துக்காக ஒரு நாள் காலை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, ஜன்னலைப் பார்த்தபடி சாய்த்து உட்காரவைத்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற பெரிய கிணறு அது. பங்கு பிரித்தபோது பொது என்று விட்டார்கள். தகராறுக்குப் பிறகு ஆளுக்கொரு போர்வெல் போட்டுக்கொண்டார்கள், கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சுற்றிலும் உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. மோட்டார் ரூம் கூரை இடிந்து, தகரங்கள் தரையில் சரிந்து கிடந்தன. ஆனால் அந்த மேட்டிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். இடுப்பில் மேகம் சுற்றியிருக்கும். காலண்டருக்கு அதைவிடப் பச்சை கிடைக்காது.

ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை மாட்டி, கண்ணை வைத்துப் பார்த்தேன். படத்தின் கீழ் ஓரத்தில், மோட்டார் ரூம் வாசல் கல்லில், யாரோ கழற்றிப் போட்ட ஓஸ் பைப் ஒன்று வளைந்து கிடந்தது. பம்ப்போடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் பம்ப் சாமான்தான். மலையை எடுக்க வந்த இடத்திலும் இது என் உயிரை வாங்குகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்துப் போடலாம் என்று போனேன். குனிந்து கையை நீட்டியும்விட்டேன்.

பைப்பில் கோலம் இருந்தது. பழுப்பும் கறுப்புமாகப் பெரிய பெரிய திட்டுகள். நடுவில் ஓரிடம் பானை மாதிரி உப்பியிருந்தது. அந்த உப்பல் மெல்ல ஏறி இறங்கியது.

நான் கத்தவில்லை. தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம், அது எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வைத்த கால் தகரத்தில் பட்டு, தகரம் சரிந்து கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் மலைப்பாம்பு விழித்துக்கொண்டது. தலையை உள்ளே இழுத்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, டியூபில் காற்று இறங்குவதுபோலச் சீறியது. நான் எப்படியோ கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றேன். ஓடியிருக்கலாம். கை பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

பாம்பு பாய்ந்து வரும் என்று நினைத்தேன். அதற்கு என்னைவிடப் பயம் என்று கொஞ்சநேரத்தில் புரிந்தது. வயிற்றில் அத்தனை பாரத்தோடு அதனால் வேகமாக ஓட முடியவில்லை. வாயைப் பிளந்தது. அந்த உப்பல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. முதலில் பின்னங்கால்கள் வந்தன. அப்புறம் முதுகு. கடைசியில், ஈரத்தில் ஒட்டிப்போன தலையோடு ஒரு வெள்ளாட்டுக்குட்டி கல்லில் வந்து விழுந்தது. பாம்பு லேசாகிப்போன உடம்பை இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள், உடைந்த தரைக்குழிக்குள் நழுவியது.

குட்டியின் கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு சோழி.

கண்ணுபடாமல் இருக்கட்டும் என்று தன் குட்டிகளுக்கு இப்படிச் சோழி கோத்துக் கட்டுகிறவர் எங்கள் ஊரில் பெரியம்மா ஒருவர்தான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குட்டிக்காகவும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். சின்னதாக, காது மடங்கி, தூங்குகிற மாதிரி கிடந்தது. பாம்பின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பசித்தது, தின்றது. கோபமெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஏனென்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியைத் திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது இன்னும் அவ்வளவாகக் கெட்டுப்போகவில்லை. நேற்றோ முந்தாநாளோ போன குட்டி. அப்பா படுக்கையில் கிடக்கும்போது போன குட்டி. மூன்று குட்டிக்கு ஊரைக் கூட்டிய பெரியம்மா நாலாவதைப் பற்றி மூச்சே விடவில்லை.

தென்னை வரிசைகளைத் தாண்டி அவர் வாசலுக்குப் போனேன். பெரியம்மா பட்டியில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "வா கண்ணு," என்றார். எங்கள் பக்கத்தில் வெட்ட வருகிறவனையும் வரவேற்காமல் இருக்க மாட்டார்கள்.

"பெரிம்மா, குட்டியெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"இருக்குது... ஏன் கண்ணு?"

கேமராவின் திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நெடுநேரம் பார்த்தார். சோழியைப் பெரிதாக்கிக் காட்டினேன். அப்படியே பட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பாம்பா? பாம்பா கண்ணு எடுத்துச்சு?"

"எப்பங்க போச்சு இது?"

"முந்தாநாளு. காத்தால படலத் தொறக்கப் போனேன். முடிச்சு நாம் போட்டாப்லயே இருந்துது. குட்டியக் காணம். அவரு கையே தூக்க மாட்டாமக் கெடக்கறாரு. அப்ப முந்தி போனதும் அவரு எடுக்கலீன்னு... அங்கயே ஒக்காந்துபோட்டேன். ரெண்டு நாளா ஊட்டுல அடுப்பே பத்த வெக்கல."

"தெரிஞ்சும் ரெண்டு நாளு சும்மா இருந்தீங்களா?"

"பயமாப் போச்சு கண்ணு. பொய்யா அரைச்சா அரைச்சவ ஊட்டுக்கே திரும்பும்பாங்க. கிருபா அங்க தனியா மிசினுல நிக்கறான். வாயத் தொறந்து சொன்னா அது நெசமாயிருமோன்னு..."

"அப்ப உங்க பையனுக்குப் பதுலா எங்கப்பன் கெடக்கறாருங்களா? நல்லா இருக்குதுங்க நாயம்!"

கத்திவிட்டேன். அத்தனை ஆத்திரத்திலும் 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை, பிறந்த மண் அப்படி. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"சொசைட்டியில நாலு பேரு முன்னால சொன்னீங்கல்ல? அதே மாதிரி நாலு பேரு முன்னால சொல்லோணும். எங்கப்பா மூச்சு இருக்கறப்பவே சொல்லோணும்," என்றேன். பதிலுக்கு நான் நிற்கவில்லை. வந்துவிட்டேன்.

வனத்துறைக்குப் போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. அப்பாவைப் பார்க்க இரண்டு மாதமாக வழி தெரியாதவர்களுக்குப் பாம்பைப் பார்க்க வழி தெரிந்தது. வனத்துறை ஆட்கள் தரைக்குழியிலிருந்து அதைப் பதமாக வெளியே எடுத்தபோது கூட்டம் ஒரே மூச்சாகப் பின்னால் போனது. நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சாக்குக்குள் போகும்போது அது எதிர்க்கக்கூட இல்லை.

பால் சொசைட்டி அரங்கசாமி குட்டியின் அருகே குனிந்து சோழியைப் பார்த்தார். நான் என் கேமராப் படங்களையும் காட்டினேன். "நா அப்பவே நெனச்சனுங்க," என்றார். 'அம்மன் கேட்டுட்டா' என்று முதலில் சொன்னதே அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை.

"இந்தக் குட்டிய பாம்பு எடுத்துச்சுங்க, கண்ணு முன்னால கெடக்குது, ஒத்துக்கறோம். முந்தி போன மூணும் பாம்புதான்னு எப்படிங்க சொல்றது? தப்பில்லாத ஆள அம்மன் கெடையில போடுவாளாங்க?"

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. என் கையில் படம் இருந்தது, துல்லியமாக, வெளிச்சம் சரியாக விழுந்த படம். அதில் இருந்தது ஒரே ஒரு குட்டி. மற்ற மூன்றுக்கும் நான் எங்கே போவேன்? அப்பா அப்படியே திருடராகத்தான் படுத்துக் கிடந்தார்.

"நாஞ் சொல்றனுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பெரியம்மா வந்து நின்றார். கையில் படல் கயிறு. சாணி வழித்த கையைக்கூடக் கழுவவில்லை.

"பொழுதோட இந்த முடிச்சப் போட்டவ நானு. காத்தால அவுத்தவளும் நானு. நடுவுல ஒரு கள்ளன் அவுத்துட்டு மறுக்காக் கட்டீட்டுப் போனான்னு நெனச்சுப்போட்டேன். முந்தாநாளும் குட்டி போச்சுங்க. முடிச்சு அதே மாதிரி இருந்துது. அவரு கெடையில கெடக்கறாரு. அப்ப யாருங்க கட்டுனது?" கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாரும் அவுக்கவே இல்லீங்க. நாலு வாட்டியும் அது நாம் போட்ட முடிச்சு. பாம்பு படலு மேல ஏறி வந்து போயிருக்குது. எங்கொழுந்தனாரு ஒரு குட்டியும் தொடல. பழி போட்டது நானு, மொளகா அரைச்சது நானு. என்ன வந்தாலும் எனக்கு வரட்டுமுங்க."

அரங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா குட்டியின் கழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, சோழியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டார்.

சாயங்காலம் எங்கள் மேசை நிறைந்துவிட்டது. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், மாதுளை. ஒவ்வொருவராக வந்து, "எப்படிங்க இருக்கீங்க மாமா?" என்று கட்டிலருகே நின்றார்கள். நேற்றுவரை வராதது எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. அப்பாவுக்கு மறக்கவில்லை. நடந்ததையெல்லாம் மத்தியானமே அவரிடம் சொல்லியிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரைக்கும் வழிந்தது, துடைத்துவிட்டேன். இப்போது வந்தவர்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவரைத் திருப்பவில்லை. உள்ளூர எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

கூட்டம் போனபின் பெரியம்மா வந்தார். கையில் எண்ணெய்த் தூக்குப்போசி. வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

"நாளைக்குக் கோயிலுக்குப் போறேன் கண்ணு. கல்லுக்கு எண்ணக்காப்புச் செஞ்சு குளுத்திப் போட்டு, தப்புக் கேட்டுட்டு வாரேன். செக்குல நல்லெண்ண ஆட்டிட்டு வந்தேன். அவர ஒரு பார்வ பாத்துட்டுப் போயரலாம்னு..."

நான் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வெட்ட வருகிறவனைக்கூட வரவேற்கிற ஊர் என்று பெருமை பேசியவள் நான்தான்.

அந்தக் குரல் கேட்டு அப்பா அசைந்தார். சுவர்ப்பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினார். பெரியம்மாவைப் பார்த்தார். இடது கையால் கட்டில் விளிம்பை இரண்டு முறை தட்டினார். உட்காருங்கள் என்று அர்த்தம்.

பெரியம்மா வந்து விளிம்பில் உட்கார்ந்தார். மன்னிப்பு, தப்பு என்று ஏதோ பேசத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டார். உயிரில்லாமல் கிடந்த அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எரியுதுங்களா தம்பி?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

பெரியம்மா நம்பவில்லை. தூக்குப்போசியைத் திறந்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அப்பாவின் வலது தோளிலிருந்து விரல்வரைக்கும் தடவத் தொடங்கினார்.

"கோயிலுக்குன்னு கொண்டாந்ததுங்களே பெரிம்மா," என்றேன்.

"அவளுக்கு நாளைக்கு வேற ஆட்டிக்கறேன்."

ஒவ்வொரு விரலாக எடுத்து நீவினார். மிளகாய் அரைத்த கை அது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, இன்றைக்குக்கூட முழுசாக அடங்கவில்லை. அந்தக் கைக்கு உணர்ச்சி கிடையாது, ஊசி குத்தினாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். சொன்னால் அவருக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எடுத்தேன். அப்பா இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப எரியுதுங்களா?" என்றார் பெரியம்மா.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். எண்ணெய் தீர்கிறவரைக்கும் பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்ட ஒவ்வொரு முறையும் அப்பா தலையை ஆட்டினார்.